கொக்கிக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ரெண்டு

வாங்க தம்பி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு காலு ஆடும், பாத்துக்கிடுங்க. கடை தொறக்க இன்னும் நேரம் கெடக்கு. வெயில் தாழ்ந்தாத்தான் இந்த ஊரு சனம் திருவிழாவுக்குக் கெளம்பும். அதுக்கு முந்தியே அடுப்பப் பத்த வச்சா எண்ணெயும் வீணு, நாமளும் வீணு.

பூட்டப் பத்தித்தான கேக்க வந்திய? மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுது. புது வண்டி, பளபளன்னு பச்சைப் பெயிண்டு, சுத்தி லைட்டு, மோமோவோ கீமோவோ ஒரு படம். வாங்குன நாள்ல இருந்து கண்ணு மூடிருக்க மாட்டியளே! எனக்குத் தெரியாதா. சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கிய. இந்தத் திருவிழாக் கூட்டத்துல பூட்டப் பத்தி என்னை விட்டா வேற ஆளு கிடையாது. ராட்டினக்காரர்ட்டக் கேட்டுப் பாருங்க, ‘பூட்டுக்கடை தங்கப்பழம்’னுதான் சொல்லுவாரு. நான் விக்கிறது டெல்லி அப்பளம், பேரு பூட்டுக்கடை. சவத்த, சொல்லிட்டுப் போறாவ.

மொதல்ல கொக்கி, வண்டிய ட்ராக்டர்ல மாட்டுற இடம். எல்லாரும் கதவத்தான் மொதல்ல பூட்டுவாவ. தப்பு. வண்டியத் திருடுறவன் கதவுப் பக்கமே வரமாட்டான். உள்ள குண்டான் இருக்கா கொலுசு இருக்கான்னு அவனுக்கென்ன? ட்ராக்டரப் பின்னால விடுவான், வளையத்துல பின்னைச் சொருகுவான், போயிட்டே இருப்பான். நீங்க டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள வண்டியும் இருக்காது, அதுக்குள்ள இருக்க வீடும் இருக்காது. அதனால இந்தா, இந்தக் கொக்கி வளையத்துக்குள்ள பாருங்க, தண்டியா ஒரு பூட்டு. இது உள்ள கெடந்தா வேற எந்தப் பின்னும் நுழையாது. கல்லக் கொண்டு அடிச்சாலும் அசையாது. திண்டுக்கல்லுக்குப் போயி நானே பாத்து எடுத்தது.

அடுத்தது சக்கரம். அதுல இருக்க ஓட்டைக்குள்ள சங்கிலிய விட்டு அச்சோட சேத்துப் பூட்டணும். சும்மா சக்கரத்த மட்டும் சுத்திப் போட்டா பிரயோசனம் இல்ல. பொறவு இந்த முட்டுக் குடுத்திருக்க ஜாக்கி. அதுக்கும் ஒண்ணு. கதவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. சன்னலுக்கு உள்பக்கம் கம்பி. எண்ணெய் விடும்போது தேங்காண்ணெய் விட்டுராதிய, கடக்காத்துல பிசுபிசுன்னு பிடிச்சுக்கிடும். தையல் மெஷினுக்கு விடுற எண்ணெய்தான் சரி.

இதெல்லாத்த விடவும் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. சாவி ஒரு ஆள்கிட்டதான் இருக்கணும். அவங்கிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணுன்னு குடுத்திய, பொறவு பூட்டே வேண்டாம். நான் எல்லாச் சாவியையும் அரைஞாண் கயித்துலதான் கோத்துப் போட்டிருக்கேன். குளிக்கும்போதும் கழட்ட மாட்டேன்.

சிரிக்காதிய. என் பொண்டாட்டியும் மொதல்ல சிரிச்சா. ‘நடந்து வந்தா கோயில் மாடு வாரது மாதிரி மணிச் சத்தம் கேக்கு’ன்னு சொல்லுவா. செல்வக்கனி அவ பேரு. இப்ப எங்கூட இல்ல. இந்தா, இதே ஊர்லதான் இருக்கா, அண்ணன் வீட்ல. பொங்கலுக்கு முந்தி போனவ, இன்னும் வரல. இல்லன்னா இந்த ஊருக்கு நான் எதுக்கு தம்பி வாரேன்? நாலு பேரு அப்பளம் வாங்குற ஊரா இது? கொடி ஏறின அன்னைக்கே வந்து வண்டியப் போட்டேன். தாத்தா பாட்டி, குஞ்சு குளுவான் எல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு. அவ வரல. இன்னைக்குத்தான் கடேசி. நாளைக்குக் கொடி இறக்கிருவாவ, எல்லா வண்டியும் கெளம்பிரும்.

வருவா. வராம எங்க போவா? அவ உசுரே இந்த வண்டிக்குள்ளதான் கெடக்கு.

இருங்க, கேட்ட விசயத்துக்கு வாரேன். நான் ஏன் இப்படிப் பூட்டுதேன்னுதான கேக்கிய? நானும் ஒரு காலத்துல பூட்டாத ஆளுதான். எங்க கூட்டத்துல யாருமே பூட்ட மாட்டாவ. நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. ஊர் ஊராத் திருவிழாவுக்குப் போற சனம் நாங்க. ராட்டினம், வளையல், ரிங்கு எறியிறது, பஞ்சுமிட்டாய், எல்லா வண்டியும் வரிசையா நிக்கும், எல்லாக் கதவும் தொறந்துதான் கெடக்கும். ஒருத்தி வண்டியில குழம்பு கொதிக்கும், இன்னொருத்தி வந்து கிண்டிட்டுப் போவா. பிள்ளைய எவ வண்டியிலயாவது உறங்கப் போட்டுட்டுக் கடைக்குப் போயிருவாவ. வண்டி பூட்டிக் கெடந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான். அந்த வீட்டு ஆளுவ சாவுக்குப் போயிருக்காவ. வேற எதுக்கும் எங்க சனம் பூட்டு எடுக்காது.

அப்ப ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல இருந்தோம். மத்தியானம், எல்லாரும் சாப்புட்டுக் கண்ணசந்துட்டு இருந்த நேரம். காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் ட்ராக்டர ஓட்டிட்டு வாரான். நேரா ராட்டினக்காரரு ஜெனரேட்டர் நிக்க வண்டிகிட்டப் போயி, ‘ஏப்பா, ஒரு கை குடுங்க’ங்கான். எங்க வழக்கம் என்னன்னா, வண்டி மாட்டணும், கை குடுன்னு எவன் கூப்பிட்டாலும், யாரு வண்டி, எங்க போவுதுன்னு கேக்க மாட்டோம். ஓடிப் போயி தோளக் குடுப்போம். அன்னைக்கும் ஓடுனோம். நானும் ஓடுனேன். நாந்தான் தம்பி அந்த ஏர்க்காலத் தூக்கி ட்ராக்டர் கொக்கியில வச்சேன். ‘பாத்துப் போப்பா, ரோட்டுல பள்ளம் கெடக்கு’ன்னு வேற சொல்லி அனுப்பினேன். அவன் கும்புட்டுட்டுப் போனான்.

சாயங்காலம் ராட்டினக்காரரு வந்து ‘என் ஜெனரேட்டரு எங்கடா?’ங்காரு. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கோம்.

ஊரே சிரிச்சுது. ராட்டினக்காரரே ரெண்டு நாள் கழிச்சு சிரிச்சுட்டாரு. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. அன்னைக்கு ஓடிப் போயி எங்க வண்டி நிக்கான்னு பாத்தேன். நின்னுச்சு. செல்வக்கனி உள்ள படுத்திருக்கா, கதவு ஆவுன்னு தொறந்து கெடக்கு. நான் வாசப்படியில உக்காந்து அப்படியே அழுதேன். ஏன் அழுதேன்னு எனக்கே தெரியல. மறுநாள் காலையில பஸ் ஏறி திண்டுக்கல்லுக்குப் போயிட்டேன்.

இல்ல, இல்ல. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. ‘தங்கப்பழத்துக்குப் பிள்ள போன பொறவு புத்தி பேதலிச்சுப் போச்சு’ன்னு. கேட்டியளா? பிள்ளை அதுக்கு முந்தியே காச்சல்ல போச்சு. காச்சலுக்குப் பூட்டுப் போட முடியுமா? நான் பூட்டுப் போட்டது ஜெனரேட்டரு களவு போனதுனால. வேற என்ன காரணம்? எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு.

ஆமா, ஒரு பிள்ளை. பொம்பளப் பிள்ளை. ஹர்ஷினின்னு பேரு. அவ அம்மா வச்சது. எனக்கு அது வாயில சரியா வராது, பாப்பான்னுதான் கூப்பிடுவேன். இந்த வண்டியிலதான் தவழ்ந்தா, இந்த வண்டியிலதான் நடந்தா. வண்டி ஓடும்போது சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல போறவாறவனுக்கெல்லாம் டாட்டா காட்டுவா. பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு பேசிட்டே இருந்தோம். ஒரு வாரம் தாங்கல தம்பி. கையில வச்சுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டா. ஆஸ்பத்திரியில அந்த நர்சம்மா கூட அழுதுச்சு.

வாங்க. பேசிட்டே இருந்தா ஆச்சா? பூட்டு எப்படித் தொறக்குதுன்னு காட்டுதேன். உங்க வீட்டம்மாவையும் கூப்பிடுங்க, அதுவும் பாத்துக்கிடட்டும். என்னது, டீயா? வாம்மா, வா. எனக்கும் சேத்தா கொண்டாந்த? மகராசியா இரு. கல்யாணம் ஆகி எத்தனை நாளாச்சு? வெக்கத்தப் பாரு!

இந்தா பாருங்க, மேல் பூட்டு. சாவிய ரெண்டு சுத்து சுத்தணும். கீழ் பூட்டுக்கு அந்தக் குட்டைச் சாவி. கொக்கிப் பூட்டையும் கழட்டிக் காட்டுதேன், அதத்தான நீங்க முக்கியமாப் பாக்கணும். இந்தா, ஆச்சு. சங்கிலி... ம், வருது. இப்ப எவனாவது வந்து இழுத்தான்னா வண்டி கன்னுக்குட்டி மாதிரி பின்னாலயே போயிரும். அதான் நான் கிட்டவே நிக்கேன்.

உள்ள வாங்க. குனிஞ்சு, தலை இடிக்கும். இவ்வளவுதான் வீடு. நானே தகரம் அடிச்சது. அடுப்பு இங்க, பாத்திரம் மேல, கட்டிலு அந்தக் கடைசியில. நீ ஏம்மா அங்கயே நிக்க? ஓ, சுவரப் பாக்கியா.

தொடாத. பாரு, தொட மட்டும் செய்யாத.

அது பூரா ஸ்டிக்கர் பொட்டு. பாப்பா ஒட்டினது. அவ அம்மா காலையில மூஞ்சி கழுவையில பொட்ட எடுத்துத் தகரத்துல ஒட்டி வைப்பால்ல, அதப் பாத்துப் பழகிட்டு, ஒரு நாள் அட்டை பூராவையும் காலி பண்ணிட்டா. நான் அடிக்கப் போனேன், செல்வக்கனி விடல. அதுக்குப் பொறவு எந்த ஊருக்குப் போனாலும் வளையல் கடைக்காரன் இவளுக்கு ஒரு அட்டை பொட்டு சும்மா குடுப்பான். வட்டம், நீளம், கல் வச்சது, பாம்பு மாதிரி நெளிஞ்சது. எல்லாத்தையும் படுத்துக்கிட்டே ஒட்டுவா. பாத்தியளா, அவ கை எட்டுற உசரம் வரைக்கும்தான் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. அந்த ஓரத்துல மட்டும் ரெண்டு இருக்கு, அது நான் தூக்கிப் பிடிச்சப்ப ஒட்டினது.

இதக் கழட்டி எடுக்க முடியாது தம்பி. பசை காஞ்சு போச்சு. நகத்த வச்சாலே நொறுங்குது. அப்பளச் சட்டி போனா வேற வாங்கலாம். வண்டி போனாக்கூட வேற அடிச்சிரலாம். இந்தச் சுவரு போனா? ஒண்ணப் பறிகுடுத்தாச்சு. இன்னொண்ணையும் குடுக்கச் சொல்லுதியளா? அதான் பூட்டுதேன். இதுல என்ன தப்பு?

பூட்டுன மொத நாளே கூட்டத்துப் பொம்பளையளெல்லாம் ஓடி வந்துட்டாவ. ‘யாரு தவறிட்டா? எப்ப எடுக்காவ?’ன்னு. நான்தான் ‘யாரும் சாகல, களவுக்குப் பயந்து பூட்டுதேன்’னேன். அவ்வளவுதான். ‘அப்ப நாங்க கள்ளியளா?’ன்னு ராட்டினக்காரரு பொண்டாட்டி ஆரம்பிச்சுட்டா. அதுக்குப் பொறவு ஒருத்தியும் எங்க வண்டிப் பக்கம் வரல. வராட்டா போறாவ. எனக்கென்ன? செல்வக்கனிக்குத்தான் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமப் போச்சு. நான் இருக்கேன்ல, எங்கிட்டப் பேச வேண்டியதுதான.

அவளுக்கு ஒரு பழக்கம். மத்தியானம் சோத்த வடிச்சு வச்சுட்டு, சுவரப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிடுவா. அழ மாட்டா. சும்மா படுத்திருப்பா. பாப்பா போனதுல இருந்து ஒரு நாள் தவறினதில்ல. பூட்டுப் போட்ட பொறவு அந்த நேரத்துல கடைக்கு வந்து, ‘ஏங்க, சாவி’ன்னு கைய நீட்டுவா. குடுப்பேன். குடுக்காம இருந்ததே இல்ல. ஆனா அந்த நேரந்தான் நான் மைதா வாங்க, எண்ணெய் வாங்கன்னு டவுனுக்குப் போவேன். சாவி எங்கூட வந்துரும். திரும்பி வந்து பாத்தா வாசப்படியில உக்காந்திருப்பா, நல்ல வெயில்ல. ஒருநா யாரோ வழியே போனவன், ‘வண்டிக்காரங்களுக்காகக் காத்திருக்கியளாம்மா’ன்னு கேட்டானாம். ஆமான்னு சொல்லிருக்கா. இத எங்கிட்டச் சொன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல.

‘எனக்கு ஒரு சாவி வெட்டிக் குடுங்க’ன்னு ஒரு தடவை கேட்டா. நான் எடுத்துச் சொன்னேன். ஏளா, நீ மறதிக்காரி, தண்ணி எடுக்கப் போன இடத்துல வச்சுட்டு வந்துருவ, பொறவு சுவரு போச்சுன்னு நீதான் மாருல அடிச்சுக்கிட்டு அழுவ. உனக்கு எதுக்கு அந்தப் பாரம்? நான் சுமக்கேன்ல. இப்படித்தான் சொன்னேன். அன்பாத்தான் சொன்னேன். அவளும் சரின்னுட்டா. அதுக்குப் பொறவு கேக்கவே இல்ல.

போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. சண்டையா? ஒரு சொல்லு கிடையாது. கடையில சரியான கூட்டம். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளெல்லாம் அடுப்பச் சுத்தி நிக்கி, ரெண்டு கையும் எண்ணெயி, ஒரு கையில கரண்டி, ஒரு கையில மிளகாப் பொடி. செல்வக்கனி வந்து நிக்கா. ‘ஏங்க, சாவி.’ நான் திரும்பாமலே, ‘எதுக்கு?’ன்னு கேட்டேன். அவ்வளவுதான் தம்பி. எதுக்குன்னு கேட்டேன். அது ஒரு குத்தமா? வீட்ல கேக்க மாட்டாவளா?

அவ ‘எதுக்குன்னு கேக்கியளா?’ன்னா. பொறவு நடந்து போற சத்தம் கேட்டுச்சு. வண்டிக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். அப்புறந்தான் ஞாபகம் வருது, சாவி எங்கிட்டல்லா இருக்கு. கூட்டம் ஓஞ்சு போயிப் பாக்கேன், படியில ஆள் இல்ல. எண்ணெய் பட்ட அதே சீலையோட பஸ் ஏறிட்டா. மாத்துத் துணி கூட எடுக்கல. எப்படி எடுப்பா? பூட்டிக் கெடக்கே.

அவ அண்ணன் வந்தான். ஜெயக்கொடின்னு பேரு, பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுறவன், நல்ல மனுசன்தான். அவ துணிமணியக் கேட்டு வந்தான். நான் சொன்னேன், மச்சான், அவளே வந்து எடுக்கட்டும், உங்க கையில குடுக்க மாட்டேன். ‘சரி, அந்தச் சுவரையாவது செல்லுல ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன், அவ அதத்தான் கேட்டு அனுப்பினா’ன்னான். நான் கதவத் தொறக்கவே இல்ல. ஏன்னு நீங்களே சொல்லுங்க. போட்டோவுல பாத்துட்டா பொறவு அவ எதுக்கு நேர்ல வருவா? ‘இப்படியே இருந்தியன்னா அவ திருப்பூருக்கு வேலைக்குப் போயிருவா, என் மக அங்கதான் இருக்கா’ன்னு மிரட்டிட்டுப் போனான். சும்மா சொல்லுதது. அவளாவது திருப்பூருக்குப் போறதாவது! சுவரு இங்க இருக்க வரைக்கும் அவ இந்த மண்ண விட்டுப் போவ மாட்டா. எனக்குத் தெரியாதா அவள.

உண்மையச் சொல்லுதேன் தம்பி, அவ இல்லாம என்னால முடியல. அப்பளம் பொரிக்கும்போது பக்கத்துல நின்னு பொடி தூவ ஆள் இல்ல. நான் மத்தியானம் உள்ள வந்து அவ படுத்த மாதிரி படுத்துப் பாக்கேன். எனக்குப் பாக்க முடியல, கண்ண மூடிக்கிடுதேன். அவ எப்படித்தான் தெனமும் பாத்தாளோ. நெஞ்சு வெடிச்சுச் செத்துருவேன்னு தோணுது. வந்தான்னா ஒண்ணும் கேக்க மாட்டேன். ஏன் போனன்னு கேக்க மாட்டேன். வந்தாப் போதும்.

என்னம்மா? ஏன் டம்ளரக் கீழ வச்சுட்ட?

இந்தச் சுவரு வெளிய எந்தப் பக்கமா? பின்பக்கம். வேலிக்கருவை நிக்கில்லா, அந்தப் பக்கம். ஏன் கேக்க?

யாரு?

எப்ப? இன்னைக்கா? நான் கடைப் பந்தலச் சரி பண்ணிக்கிட்டு இருந்தப்பவா?

ஒரு அம்மான்னா எப்படி? சின்ன வயசா, நடுவயசா? கருப்பா, ஒல்லியா... நெத்தியில பொட்டு இல்லாமயா? ஆமா. அவ பொட்டு வைக்கிறத விட்டுட்டா. கதவுப் பக்கம் வரவே இல்லையா? பூட்டத் தொடலையா? நேரா பின்பக்கம் போயி, தகரத்துல கைய வச்சுக்கிட்டு...

உச்சி வெயில்ல அந்தத் தகரம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும்மா. உள்ளங்கை பொத்துப் போயிரும். அதுலயா கை வச்சுக்கிட்டு நின்னா? எவ்வளவு நேரம்? ரொம்ப நேரமா?

நீ என்ன சொன்ன? சத்தம் போட்டியா. ‘யாரு நீங்க, வண்டியத் தொடாதிய’ன்னா. சரி, அழாத. உன்மேல தப்பு இல்ல. வந்த அன்னைக்கு நான்தான உங்க ரெண்டு பேருட்டயும் சொன்னேன், எவராவது வண்டியத் தொட்டா சத்தம் போட்டு விரட்டுங்கன்னு. சொன்னதத்தான் செஞ்சிருக்க. அதுக்கு அவ என்ன சொன்னா?

‘யாருமில்ல தாயி, சும்மா பாத்தேன்’னா?

யாருமில்லைன்னா சொன்னா? அந்த வார்த்தையவா சொன்னா?

ஏன் எங்கிட்ட வரல? கடை இந்தா, கூப்பிடு தூரத்துல இருக்கு. நான் ஏணி மேல நிக்கிறது தெரிஞ்சிருக்குமே. வந்து ஒரு வார்த்தை சாவின்னு கேட்டிருந்தா குடுக்காமலா இருந்திருப்பேன்? எதுக்குன்னு கூட கேட்டிருக்க மாட்டேனே. ஐயோ, கையச் சுட்டுக்கிட்டுல்லா போயிருக்கா.

பையா? என்ன பை? பெரிய பையா?

எங்க? ஆலமரத்து பஸ் ஸ்டாப்புலயா? நீ தண்ணி எடுக்கப் போகும்போது பாத்தியா? இப்பவா? இப்பம் கொஞ்சம் முந்தியா? தனியாவா உக்காந்திருந்தா? அண்ணனும் கூட நின்னானா? அப்ப சும்மா சொல்லல அவன். திருப்பூரு பஸ்ஸு சாயங்காலந்தான வரும். வந்துருச்சா? வரலல்ல? இன்னும் வரலல்ல?

செருப்பு எங்க? சவம், செருப்பு கெடக்கட்டும். போறேன் தம்பி, போறேன், பிடிச்சுத் தள்ளாதிய. ஓடத்தான் போறேன்.

இருங்க. தொறந்துல்லா கெடக்கு. எல்லாம் தொறந்து கெடக்கு.

நீங்க பாத்துக்கிடுதியளா? உங்கள நம்பாம இல்ல தம்பி. நல்ல பிள்ளையளாத்தான் தெரியுதிய. ஆனா கொக்கியில பூட்டு இல்ல, சங்கிலி கீழ கெடக்கு, கதவு ஆவுன்னு இருக்கு. எவனாவது ட்ராக்டர கொண்டு வந்து ஒரு கை குடுங்கன்னா நீங்களும் குடுத்துருவிய, நான் குடுக்கலையா? நான் போயி அவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நிக்கும்போது இந்த இடம் வெறுங்கட்டாந்தரையாக் கெடந்தா அவ என்னத்தப் பாப்பா? அவளுக்காகத்தான பூட்டுதேன். எனக்கா பூட்டுதேன்?

சத்தம் போடாதம்மா, பூட்டிட்டேன், கொக்கி ஆச்சு. சங்கிலிய அந்தப் பக்கம் நீட்டுங்க. இது அந்தச் சாவி இல்ல. இதுவும் இல்ல. குட்டைச் சாவி, குட்டைச் சாவி எங்க போச்சு?

அது பஸ் ஆரனா?

தம்பி, நீங்க ஓடுங்க. உங்களுக்கு இளங்காலு. ஓடிப் போயி பஸ்ஸுக்கு முன்னால நில்லுங்க. அவகிட்டச் சொல்லுங்க, நான் வாரேன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேக்க மாட்டேன்னு சொல்லுங்க. நிக்கச் சொல்லுங்க தம்பி, ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. நான் பூட்டிட்டு வந்துருதேன்.